ஒரு பழைய விமானத்தில் ஒரு மணி நேரம்

நமது கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு அதன் ஆசிரியர் குழுவினர் இரண்டு ஆண்டுகளாக என்னை வேண்டிவருகின்றனர். கல்லூரியை விட்டு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் கடந்து வாழும் ஒருவனிடத்தில், மாணவர்க்கு உரைக்கத்தக்க விஷயம் யாதிருக்கும் என்றெண்ணி நான் வாளாவிருந்தேன். என் தொழில் உலோகங்களின் விரிசல்களைச் சோதிப்பது. அதைப்பற்றி எழுதினால் அச்சுக் கோப்பவரைத் தவிர வேறொருவரும் படியார். ஆதலால் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லத் துணிகின்றேன். அன்று நான் ஆராதனைக்குச் செல்லவில்லை. பர்மிங்ஹாம் விமான நிலையத்திற்குச் சென்று, எந்த ஊருக்கும் போகாத ஒரு விமானத்தில் பணங்கொடுத்து ஏறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானத்திற் சுற்றிவிட்டு, ஏறின இடத்திலேயே இறங்கி வீடு திரும்பினேன். என் மனைவியார் இதைக் கேட்டு நகைத்தார். வாசகர்களும் நகைக்கலாம், ஆட்சேபமில்லை.

அவ்விமானம் டி.ஸி.-10 என்னும் வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாங் பீச் நகரில் மக்டானல் டக்ளஸ் கம்பெனியார் கட்டிய அகன்ற வயிற்று விமானம் அது. இரண்டு நடைபாதைகளும் அவற்றின் இருமருங்கும் ஆசனங்களுமாக ஒரு சிறு மண்டபம்போல் இருக்கும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு யந்திரங்கள் கீழே தொங்க, மூன்றாவது யந்திரம் வாலின் அடியிற் குழாய்போல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகாயத்தில் எவ்வளவு தூரத்திற் பறந்தாலும் அந்த வாலைக்கொண்டு சிறுபிள்ளையும் அதை அடையாளங் கண்டுகொள்ளும். 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதன்முதற் பறந்தது. அடுத்த ஆண்டு பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. 1989 வரை, படைக்கென்று கட்டியவற்றையும் சேர்த்து, 446 விமானங்கள் செய்தார்கள். நான் ஏறியது 1988-இல் கட்டப்பெற்றது. வரிசையில் கடைசிக்கு முந்தியது. வங்காள தேசத்தாரின் பிமான் கம்பெனி அதைப் புதிதாக வாங்கிக் கால் நூற்றாண்டு ஓட்டியது. உலகத்தில் மற்றெல்லாக் கம்பெனிகளும் டி.ஸி.-10-இற் பிரயாணிகளை ஏற்றுவதைக் கைவிட்ட பிறகும், அவர்கள் மாத்திரம் விடாமல் வைத்திருந்தனர். 2014 பிப்ரவரி 20-ஆம் தேதி டாக்காவினின்று குவெய்த் வழியாகப் பர்மிங்ஹாமுக்கு வந்ததே அதன் கடைசி ஊர்ப்பயணம். பின்னர், பழைய விமானங்களின்மேற் காதல் கொண்டவர்களுக்காக 22, 23, 24 தேதிகளில் பர்மிங்ஹாமினின்றே சிறு உலாக்கள் நடத்தினர். ஜன்னலோர ஆசனத்திற்கு விலை அதிகம். நான் ஜன்னலோரமே வாங்கினேன்.

எனக்கு விமானங்களின்மேல் அத்தகைய காதல் ஒன்றுமில்லை. நான் போனதற்குக் காரணம் வேறு. அது 1979-ஆம் ஆண்டிற் பிறந்தது.

அவ்வாண்டு நான் நமது கல்லூரியிற் பௌதிக சாஸ்திரம் முடித்து, மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல இடம் பெற்றுக் காத்திருந்தேன். என் தந்தையார் நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு உபாத்தியாயர். ஆங்கிலப் பத்திரிகை எங்கள் ஊருக்குப் பிற்பகலில்தான் வரும். வாசகசாலைக்குச் சென்று முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரையிற் படித்துவிட்டுத்தான் அவர் வீடு திரும்புவார். மே மாதம் 25-ஆம் தேதி சிக்காகோ நகரில் ஒரு டி.ஸி.-10 தரையை விட்டுக் கிளம்பும்போதே அதன் இடப்பக்கத்து யந்திரம் கழன்று விழுந்தது. விமானம் 31 விநாடி பறந்து, ஒருபுறமாகச் சாய்ந்து மண்ணிலே மோதிற்று. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருந்த இருவரும் மாண்டனர். இறக்கை செங்குத்தாக நிற்க அவ்விமானம் சாய்ந்து வீழ்வதை யாரோ புகைப்படம் எடுத்துவிட்டார். அப்படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. என் தந்தையார் அதை வாசகசாலைக் காரியதரிசியின் அனுமதியோடு கத்தரித்துக்கொண்டு வந்தார். பத்திரிகையைக் கத்தரிப்பது பாவமென்று எங்களுக்குக் கற்பித்தவர் அவரே.

ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்க சர்க்கார் அவ்வகை விமானம் எதுவும் பறக்கலாகாதென்று தடுத்தனர்; ஜூலை 13-ஆம் தேதி தடையை நீக்கினர். தடையை நீக்கியதைத் தந்தையார் ஒப்பவில்லை. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1974 மார்ச்சு மாதத்தில், பாரிஸ் நகருக்கு அருகே வேறொரு டி.ஸி.-10 விழுந்து 346 பேர் இறந்ததும் அவருக்கு நினைவிருந்தது. ஓர் இரவு சாப்பிட்டு எழுந்தபின் என்னை அழைத்து, "தம்பி, கணக்கு ஒரு முறை தப்பினாற் கவனக்குறைவு. இரண்டாம் முறையும் தப்பினால், போடுகிற வழியே தப்பு. நீ எதில் வேண்டுமானாலும் போ, அந்த டி.ஸி.-10-இல் மாத்திரம் ஏறாதே" என்றார். நான் சரியென்றேன். சரியென்று சொல்வது எவ்வளவு எளிது!

டிக்கட்டு ஏற்கெனவே வாங்கியாயிற்று. தந்தையாரின் சேமநிதிக் கடனும், தாயாரின் கழுத்துச் சங்கிலியும் அந்தக் காகிதத்துக்குள் அடங்கியிருந்தன. சென்னையில் டிக்கட்டைச் சரிபார்க்கச் சென்றபோது, பம்பாயினின்று ஐரோப்பாவுக்குப் போகும் அக்கம்பெனியின் விமானம் எவ்வகையென்று குமாஸ்தாவைக் கேட்டேன். அவர் கால அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, டி.ஸி.-10 என்றார். வேறு கம்பெனிக்கு மாற்றினால் எவ்வளவாகும் என்றும் கேட்டேன். அவர் சொன்ன தொகை என் தந்தையாரின் நான்கு மாதச் சம்பளத்திற்கு மேல். நான் வெளியே வந்து தெருவோரத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, பம்பாய் மெயிலுக்குச் சென்றேன்.

செப்டம்பர் மாதத்து அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காலத்தில் விமானத்திற்குள்ளேயே புகை பிடிப்பார்கள்; பின்பகுதி முழுதும் சுருட்டு நாற்றம். என் அருகில் இருந்தவர் ஏறின உடனே உறங்கிவிட்டார். விமானம் ஓடத் தொடங்கியதும் நான் கண்களை மூடிக்கொண்டேன். தந்தையாரின் கையில் இருந்த அந்தப் படமே மூடிய கண்ணுக்குள் நின்றது. வெளியே என்ன நடந்ததென்று நான் பார்க்கவேயில்லை. ஒரு மனிதன் முதன்முதலாக ஆகாயத்தில் எழும்பிய கணத்தை இப்படி இழப்பது பரிதாபமன்றோ?

பர்மிங்ஹாம் சேர்ந்து மூன்றாம் நாள் வீட்டிற்குக் கடிதம் எழுதினேன். அந்த நீலக் காகிதத்தில் இடம் கொஞ்சம், ஆயினும் ஒரு முழு வரியைச் செலவிட்டு, "பம்பாயில் நான் ஏறியது நான்கு யந்திரமுள்ள ஜம்போ விமானம், தாங்கள் கவலைப்படவேண்டாம்" என்று எழுதினேன். ஒருவரும் கேளாத பொய் அது. விமானத்தின் பெயரை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதினேன். தந்தையார் அக்கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். "என் மகன் ஜம்போவில் போனான்" என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாராம். விடுமுறைக்கு ஊர் வந்தபோதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் அவர் ஜம்போவின் மாடிப்படியைப்பற்றி யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார். 1991-இல் அவர் காலமானார். நான் அடக்கத்திற்கு ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்தேன்.

விதி என்னை விரிசல்களைச் சோதிக்கும் வேலையிலேயே கொண்டுபோய் விட்டதால், சிக்காகோவில் நடந்தது இன்னதென்று பிற்காலத்தில் உத்தியோகமுறையிற் படிக்க நேர்ந்தது. யந்திரத்தை இறக்கையோடு பிணைப்பது ஒரு தண்டு. பழுதுபார்க்கும்போது முதலில் யந்திரத்தையும் பின்பு தண்டையும் தனித்தனியே கழற்ற வேண்டுமென்பது விமானம் கட்டியவர் கூறிய முறை. வேலைநேரம் மிச்சமாகுமென்று, இரண்டையும் ஒன்றாகவே, பாரம் தூக்கும் வண்டியொன்றின்மேல் தாங்கிக் கழற்றி, அவ்வாறே மாட்டியும் வந்தனர். அப்படி மாட்டுகையில் தண்டின் பின்புறத் தகடு இடிபட்டு விரிசல் கண்டது. எட்டு வாரம் வரையில் அவ்விரிசல் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது. யந்திரம் கழன்றதனால் மாத்திரம் விமானம் விழவில்லை. மற்ற இரண்டையுங்கொண்டு அது பறந்திருக்கும். கழன்றபோது இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்து, அங்கே ஓடிய எண்ணெய்க் குழாய்களை அறுத்துவிட்டது. ஏறும்போது இறக்கைக்கு அதிகத் தூக்குவலி தருவதற்காக முன்புறம் நீட்டி வைக்கும் பலகைகள், இடப்பக்கத்தில் மாத்திரம் உள்ளே சுருங்கிவிட்டன. வலப்பக்கம் தூக்கியது, இடப்பக்கம் தூக்கவில்லை. விமானிகளை எச்சரிக்க வேண்டிய கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்ததும் அந்தக் கழன்ற யந்திரமே.

பாரிஸ் விபத்தின் காரணம் இன்னும் வருந்தத்தக்கது. சரக்கறையின் கதவு வெளிப்புறமாகத் திறப்பது. கொக்கிகள் முழுதும் மாட்டாதபோதும் மாட்டியதுபோலத் தோன்றும். 1972-இலேயே வேறொரு விமானத்தில் அக்கதவு ஆகாயத்திற் பிடுங்கிக்கொண்டது. விமானியின் சாமர்த்தியத்தால் எல்லாரும் பிழைத்தனர். எச்சரிக்கை வந்தும் இரண்டு ஆண்டுகள் அதை அரைமனத்தோடு திருத்தினார்கள். அரைமனத்தின் விலை 346 உயிர்.

ஆகவே தந்தையாரின் கணக்கு தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் விடை முழுதும் அதில் இல்லை. அதே டி.ஸி.-10-ஐக் கொண்டுதான் 1977-இல் லேக்கர் என்பவர் லண்டனினின்று நியூயார்க்குக்கு 59 பவுனில் ஏழைகளையும் ஏற்றிச் சென்றார். 1989 ஜூலையில் ஒரு டி.ஸி.-10-இன் வால் யந்திரம் ஆகாயத்தில் வெடித்து, செலுத்துவதற்குரிய எண்ணெய்க் குழாய்கள் மூன்றும் வறண்டுபோக, விமானிகள் எஞ்சிய இரு யந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே அதைத் திருப்பி, ஸூ சிட்டி என்னும் ஊர்வரையிற் கொண்டுவந்து சேர்த்தனர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். மரணதண்டனை விதிக்கப்பட்டதுபோல் நின்ற இவ்விமானம், அந்த 1979-க்குப் பின்னும் முப்பத்தைந்து ஆண்டு பிரயாணிகளைச் சுமந்தது. கதவைத் திருத்தினார்கள், தரையைப் பலப்படுத்தினார்கள், கழற்றும் முறையை மாற்றினார்கள், பின்னர் அது மற்ற விமானங்களைப்போல ஒழுங்காகவே ஓடிற்று. இதை என் தந்தையாருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தால் மிகவும் ரசித்திருப்பார். ஆனால் வரைவதற்கு முன் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டுமே!

பிமான் கம்பெனியின் விளம்பரத்தைக் கண்டபோது இவையெல்லாம் மனத்தில் எழுந்தன. 1979-இல் கண்மூடிப் போன பயணத்தை ஒருமுறை கண்திறந்து செய்துவிட வேண்டும் என்று தோன்றிற்று. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

நிலையத்திற் கூடியிருந்த கூட்டம் விநோதமானது. ஐரோப்பாவின் பல தேசங்களினின்றும் அதற்கு அப்பாலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலோர் ஆண்கள், ஒவ்வொருவர் கழுத்திலும் இரண்டு காமிராக்கள். விமானத்தின் வரிசை எண்ணைத் தம் பிள்ளையின் பிறந்தநாள்போல் ஒப்பிக்கின்றனர். வாலின்மேல் செவ்வட்டத்தில் எழுதிய நாரை மழையில் நனைந்துகொண்டு நின்றது. அவ்வாண்டு மாரிக்காலம் இங்கிலாந்தில் வரலாறு காணாத மழை.

என் ஆசனம் இடப்பக்கத்தில், இறக்கைக்குச் சற்று முன்னால். கழுத்தைத் திருப்பினால் யந்திரத்தின் வாயும் இறக்கையின் முன்விளிம்பும் தெரியும். அதற்காகவே அதைக் கேட்டு வாங்கினேன். என் பக்கத்தில் அமர்ந்தவர் என்னைவிட மூத்த ஒரு வங்காளி, சில்ஹெட் பிரதேசத்தார். காமிரா இல்லாதவர்கள் அந்த வரிசையில் நாங்கள் இருவரே. விமானத்தின்மேல் ஆசையோ என்று கேட்டேன். "எனக்கு இதன் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. என் மனைவி முதன்முதல் இந்த நாட்டுக்கு வந்தது பிமானில். என் தகப்பனாரின் உடலை ஊருக்குக் கொண்டுபோனதும் பிமானில். எல்லாரும் கடைசிமுறை என்கிறார்கள். வந்தேன்" என்றார். பிறகு தம் பையினின்று ஒரு பொட்டலத்தை எடுத்து எனக்கும் கொஞ்சம் பொரி கொடுத்தார்.

உள்ளே எல்லாம் பழமை. ஆசனத்துணி நிறம் மங்கியிருந்தது. தலைக்கு மேலுள்ள பலகைகள் ஓட்டத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. விமானிகளின் அறையில் இருவரன்றி மூவர் உண்டு என்று அறிவித்தபோது காமிராக்காரர்கள் ஆரவாரித்தனர். யந்திரங்களையே கவனிப்பதற்கென்று ஓர் உத்தியோகஸ்தர் முள்ளுமானிகளின் முன்னால் அமர்ந்திருப்பது அக்காலத்து வழக்கம். பிற்காலத்து விமானங்களில் அவருடைய வேலையைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவருக்காக மனத்திற்குள் ஒரு வணக்கம் செலுத்தினேன்.

ஓடுபாதையின் முனையில் விமானம் நின்றது. முன்விளிம்புப் பலகைகள் நீண்டிருப்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். யந்திரங்கள் முதலில் முனகி, பின்பு ரம்பம் அறுப்பதுபோல் ஓர் ஓசை எழுப்பின. விமானம் ஓடிற்று. மழைத்துளிகள் ஜன்னலிற் கிடைமட்டமாய் ஓடின. மூக்கு எழும்பிற்று, சக்கரம் தரையை விட்டதை முதுகெலும்பில் உணர்ந்தேன். அக்கணமே எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து எண்ணும்போது கீழே மோட்டார் வண்டிகள் சிறுத்துவிட்டன. யந்திரம் தன்னிடத்தில் இருந்தது. இருபது எண்ணும்போது மேகத்தின் அடிவிளிம்பு தெரிந்தது. முப்பத்தொன்று வரையில் எண்ணினேன். சிக்காகோ விமானத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த காலம் அவ்வளவே என்பது படித்தபோது ஒரு எண்ணாக இருந்தது. எண்ணிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நீளமென்று தெரிந்தது. ஒரு மனிதன் பலரை நினைத்துக்கொள்ளப் போதுமான நீளம். என் கைகள் நடுங்கின. பக்கத்தில் இருந்த பெரியவர் யாதொன்றும் கேளாமல் தம் கையை என் முழங்கையின்மேல் வைத்தார். விமானம் மேகத்தைக் கடந்து வெயிலுக்கு வந்த பின்னரே எடுத்தார்.

அதற்குப் பின் சொல்லவேண்டியது அதிகமில்லை. எல்லாரும் எழுந்து நடைபாதைகளில் உலாவினர். கலியாண வீடுபோல் இருந்தது. புடைவை உடுத்த பணிப்பெண்கள் ஓராயிரம் படங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போயினர். மேகம் கிழிந்த இடங்களில் வெள்ளம் நின்ற வயல்கள் பளபளத்தன. வேலிகள் மாத்திரம் தண்ணீரில் வரைந்த கோடுகளாய்த் தெரிந்தன. ஒருமுறை சூரியன் யந்திரத்தின் வாய்க்குள் நேராக விழுந்தபோது, உள்ளே சுழலும் தகடுகள் ஒரே வட்டத் தட்டாகத் தோன்றின. அழகாகத்தான் இருந்தது. இறங்கும்போது எல்லாரும் கைதட்டினர். நானும் தட்டினேன்.

விமானத்தின் பின்கதை துக்கமானது. அதை அமெரிக்காவில் ஒரு காட்சிசாலைக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது, கைகூடவில்லை. டாக்காவுக்கே திரும்பிச் சென்று அங்கே உடைக்கப்பட்டது. அவ்வகையிற் சரக்கு ஏற்றுபவை அதற்குப் பின்னும் பறந்தன; அமெரிக்கப் படையார் ஆகாயத்திலேயே எண்ணெய் வார்ப்பதற்காக வைத்திருந்தவை 2024 வரையில் வேலை செய்தன. பிரயாணிகளுக்கான டி.ஸி.-10 அந்த மழைவாரத்தோடு முடிந்தது.

அன்று பிற்பகல், வீட்டுக்கு வந்தவுடன், நாசரேத்தில் என் தங்கையோடு இருந்த தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு அப்போது வயது எண்பத்து நான்கு. முப்பத்தைந்து ஆண்டு சுமந்ததை அவரிடமாவது இறக்கிவிட வேண்டுமென்று, 1979-இற் பம்பாயில் ஏறியது ஜம்போ அன்று, அப்பா வேண்டாமென்ற அந்த விமானமே என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். மறுபுறம் சற்று நேரம் ஒலியில்லை.

"எந்த விமானமா இருந்தா என்ன? இன்னைக்குக் கோயிலுக்குப் போனியா?" என்றார்.

இல்லையென்றேன்.

"நீ ஏறுன அன்னைக்கு ராத்திரி உங்க அப்பா உள்ளே வந்து படுக்கவேயில்லை. முற்றத்துலே கட்டிலைப் போட்டுக்கிட்டு மேலேயே பார்த்துக்கிட்டிருந்தாக. பம்பாயிலேருந்து போற விமானம் நம்ம ஊருக்கு மேலே எப்படி வரும்னு கேட்டேன். 'வராது, தெரியும், நீ போய்ப் படு'ன்னாக. விடியுற வரைக்கும் அப்படியே கிடந்தாக."

பின்னர் தங்கையின் பிள்ளைகளைப்பற்றியும், கிணற்றில் நீர் குறைந்ததைப்பற்றியும் பேசினார். பேச்சை முடிக்குமுன் மறுபடியும் கோயிலைப்பற்றிக் கேட்டார். சாயங்கால ஆராதனைக்குப் போகிறேன் என்று சொன்னேன். போனேன்.